கண்டிமாநகரில் ஐந்து படிகள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தை அடைந்ததும், உறங்கிக்கொண்டு வருபவர்களுங்கூட விழித்துக்கொள்வார்கள். ஒருபுறம் செங்குத்தான மலை; மறுபுறம் பள்ளத்தாக்கு; தொலைவிலே நீலநிறக் குன்றுகள். வழியோரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த பழைய வாயில் ஒன்று தோன்றும். சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவ்விடத்தைக் கடந்தபோது, வானின் முன்னாசனத்தில் அமர்ந்திருந்த என் சித்தப்பா தமது வழக்கப்படி பாடம் நடத்தத் தொடங்கினார்.

“மலையைக் குடைந்து வருபவனுக்கே கண்டி வசப்படும் என்று அக்காலத்து மக்களிடையே ஒரு பேச்சு வழங்கியதாம், தம்பி. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் தேதி உடன்படிக்கை செய்துகொண்டு ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்தார்கள். பின்பு கப்டன் டோசன் என்பவர் இந்த வீதியை அமைக்கும் வேலையை நடத்தினார். அவர் நினைவாக 1832இல் கட்டிய கோபுரந்தான் மேலே நிற்கிறது. 1867இல் புகையிரதமும் கண்டிக்கு ஏறிவிட்டது. மனிதன் மனம் வைத்தால் மலை பெரிதன்று!”

சித்தப்பாவுக்கு வயது எண்பது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலைநாட்டிலும் வடக்கிலும் கணித ஆசிரியராய் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, இப்போது வெள்ளவத்தையில் மகள் வீட்டில் வசிக்கிறார். நான்கு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவருடைய இரு கால்களையும் சூம்பச் செய்துவிட்டது. இலங்கையில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1993ஆம் ஆண்டில்; இன்றைய பிள்ளைகள் அதன் பெயரையும் அறியார். அவர் தலைமுறைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. இரும்புப் பட்டையும் ஊன்றுகோலுமாக அறுபது ஆண்டுகள் நடந்தார். பிறகு அதுவும் இயலாமற் போயிற்று.

கண்டிக்கு அவர் புறப்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. தாம் பயின்ற பேராதனையை மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என்பது ஒன்று. தமது பழைய சேவைப் பதிவு ஒன்றின் பிரதியைக் கண்டி நகரிலுள்ள ஒரு கந்தோரில் நேரிலே கையொப்பமிட்டுப் பெறவேண்டும் என்பது மற்றொன்று.

நாற்சக்கரக் கால்கள்

வானின் பின்புறத்தில் சித்தப்பாவின் வண்டி மூன்று பாகங்களாய்க் கிடந்தது. ஆசனம் ஒன்று, பாட்டரி ஒன்று, சக்கரங்களோடு கூடிய அடித்தட்டு ஒன்று. லண்டனில் வாழும் மகன் அனுப்பிவைத்த மின்சார ஸ்கூட்டர் அது. நமது ஊரில் ஸ்கூட்டர் என்றால் இரு சக்கர மோட்டார் வண்டியையே நினைப்போம். இதுவோ நடக்க இயலாதவர் அமர்ந்து செல்வதற்கென்றே செய்யப்பட்டது. கைப்பிடியின் கீழுள்ள நெம்பினை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அலன் தீம் என்பவர், நோயினால் நடை தளர்ந்த தம் உறவினர் ஒருவருக்காக 1968இல் இத்தகைய வண்டியை உருவாக்கினார். அன்பின் காரணமாகப் பிறந்த இயந்திரம் என்று இதனைச் சொல்லலாம்.

பேராதனைப் பூந்தோட்டத்தின் வாயிலில் மூன்று பாகங்களையும் பொருத்தினோம். சித்தப்பா ஏறி அமர்ந்தார். அதன் பின்னர் நடந்ததை என்னென்பேன்! மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓட, 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அத்தோட்டம். 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவர் அதனைத் தொடங்கினார். இரண்டாவது உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு இங்கேயே தமது தலைமையகத்தை வைத்திருந்தார். வழிகள் அகன்றவை, பெரும்பாலும் மேடுபள்ளமற்றவை. வரிசையாய் நிற்கும் அரசப் பனைகளினூடே சித்தப்பாவின் வண்டி செல்ல, நான் ஓட்டமும் நடையுமாய்ப் பின்தொடர்ந்தேன்.

“மெல்லப் போங்கள், சித்தப்பா! எனக்கு மூச்சு வாங்குகிறது.”

“எண்பது ஆண்டுகளாக என்னைப் பார்த்து எல்லோரும் ‘மெல்ல வாரும், காத்திருக்கிறோம்’ என்றுதான் சொன்னார்கள், தம்பி. இன்றுதான் முதன்முறையாக ஒருவன் ‘மெல்லப் போங்கள்’ என்கிறான்!” என்று சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராகிய இளவரசர் 1901இல் நாட்டிய நாகலிங்க மரத்தடியில் சற்று இளைப்பாறினோம். எதிரே ஹந்தானை மலைச்சாரலில் பல்கலைக்கழகக் கட்டிடங்களின் கூரைகள் தெரிந்தன. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. சித்தப்பா அங்கே சேர்ந்தது 1964இல். அக்காலத்தில் சாய்தளம் என்பதை எந்த நாட்டுக் கல்லூரியிலும் காண்பது அரிது. மலைச்சரிவின் படிகளில் அவரை ஏற்றியவர்கள் அவருடைய நண்பர்களே.

“இரண்டு தமிழர், ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம். நால்வரும் முறைவைத்துத் தூக்குவார்கள். கண்டி மன்னன் பல்லக்கிலே போனான். நான் நண்பர் தோளிலே போனேன். ஆனால் ஒன்று, அவர்கள் நால்வரும் வரும்வரை நான் காத்திருப்பேன். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் பாடம் இல்லை. இன்று நால்வரில் மூவர் மறைந்துவிட்டார்கள்; ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். தோள்கள் போய்விட்டன, தம்பி. படிகள் போகவில்லை.”

வாவிக்கரையில் ஒரு சந்திப்பு

நண்பகலுக்கு முன் கண்டி வாவியை அடைந்தோம். வயல்வெளியாய் இருந்த நிலத்தைக் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டு முதலாக வாவியாக்கினான். கரையோரத்திலே முகிற்கூட்டம் போன்று வளைந்து வளைந்து செல்லும் வெண்மதில். அக்கரையில் தலதா மாளிகையும் அதன் எண்கோண மண்டபமும். பின்னணியில் உடவத்தக்கலைக் காடு. 1988இல் உலகமரபுரிமைச் சின்னமாக இந்நகர் ஏற்கப்பட்டதில் வியப்பில்லை.

கரையைச் சுற்றிய வழி ஏறக்குறைய இரண்டு மைல். முழுவதையும் சுற்றிவருவது என்று சித்தப்பா உறுதிசெய்துகொண்டார். நிழல் மரங்களின் கீழ் வண்டி சுகமாகச் சென்றது. நடைபாதை முடியும் இடங்களிலேதான் இடையூறு. ஒரு சாண் உயரக் கல்விளிம்பு நமக்கு ஒரு பொருட்டன்று. சிறு சக்கரத்துக்கோ அது மதில். அவ்வாறான இடத்தில் நான் வண்டியைத் தூக்கிவிட முயன்றபோது, கண்ணியமான தோற்றமுள்ள ஒருவர் நின்று, “நடைபாதையில் வாகனம் ஓட்டலாமோ?” என்று ஆங்கிலத்திலே வினவினார்.

“இது வாகனம் அன்று, ஐயா. என் கால்கள்” என்றார் சித்தப்பா.

அக்கனவானின் வினா தவறானதன்று. பிரித்தானியாவில் அதற்குச் சட்டமே விடை கூறுகிறது. நடைபாதையில் இவ்வண்டிகள் மணிக்கு நான்கு மைலுக்கு மேற்படாமல், அதாவது விரைந்து நடப்பவரின் வேகத்தில் செல்லலாம். வீதியில் ஓடுவதற்கு அமைந்தவை எட்டு மைல் வரை செல்லலாம். சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. நடப்பவருக்கு உள்ள வழியெல்லாம் நடக்க இயலாதவருக்கும் உண்டு என்பதே அதன் உட்கருத்து.

சற்று அப்பால், மூன்று சக்கரக் கைவண்டியில் லொத்தர்ச் சீட்டு விற்கும் சிங்கள நண்பர் ஒருவரைக் கண்டோம். கையாற் சுழற்றி ஓட்டும் அவ்வண்டியை நம் நாட்டு நகரங்கள் எங்கும் காணலாம். இரு வண்டிகளும் நேருக்கு நேர் நின்றன. அவர் மின்சார வண்டியின் பாட்டரியைப் பற்றி விசாரித்தார். சித்தப்பா கைவண்டியின் சங்கிலியைப் பற்றி விசாரித்தார். சிங்களம் இருவருக்கும் தாராளமாய் வந்தது. மலைவீதிகளில் கைவண்டியை ஏற்ற முடியாதாகையால், இந்த வாவிக்கரைச் சமநிலமே தமது இராச்சியம் என்று அவர் நகைத்தார். மருந்து வாங்க வேண்டுமானால்? கடைக்குப் படி உண்டு. யாராவது வரும்வரை வாசலில் காத்திருப்பாராம்.

வெளிநாட்டு வண்டி உள்ளவருக்கும் உள்நாட்டு வண்டி உள்ளவருக்கும் அந்தக் காத்திருத்தல் ஒன்றே. சித்தப்பா இரண்டு சீட்டுகள் வாங்கி, ஒன்றை அவருக்கே பரிசாகக் கொடுத்தார்.

ஐந்து படிகள்

பிற்பகல் இரண்டு மணிக்குக் கந்தோருக்குச் சென்றோம். அது எந்தக் கந்தோர் என்பது இங்கு வேண்டியதில்லை. நம் நாட்டில் அதனைப் போன்றவை பல. முற்றத்தில் நான்கு மோட்டார் வண்டிகள் நின்றன. வாசலில் ஐந்து படிகள் இருந்தன. வேறு வழி இல்லை.

நான் உள்ளே சென்று விஷயத்தைச் சொன்னேன். இளம் உத்தியோகத்தர் ஒருவர் உடனே எழுந்து, தடித்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அப்போது மழை தூறத் தொடங்கியது. அவர் ஒரு கையால் குடையைச் சித்தப்பாவின் தலைக்கு மேற்பிடித்து, மறு கையால் புத்தகத்தைத் தாங்கி நின்றார். அவருடைய தோள் நனைந்தது. சித்தப்பா வண்டியில் இருந்தபடியே கையொப்பமிட்டார். அத்தனை பணிவையும் அன்பையும் கண்டு என் மனம் நெகிழ்ந்தது.

சித்தப்பா பேனாவை மூடினார். “மகனே, உமக்கு மிகவும் நன்றி. உம்மைப் போன்ற பிள்ளையைப் பெற்றவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் ஒன்று கேட்கிறேன். நீர் இன்று லீவில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?”

அவர் விடை கூறவில்லை. தலையைத் திருப்பி அந்த ஐந்து படிகளையும் பார்த்தார். நாள்தோறும் ஏறி இறங்கிய படிகளை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

“படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்” என்றார் கணித ஆசிரியர். “ஐந்து படிக்கு முப்பது அங்குலம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு உலகெங்கும் கொள்ளும் அளவு. அப்படியானால் முப்பது அடி. இரண்டு மோட்டார் வண்டிகள் நிற்கும் இடம். இடையிலே ஒரு திருப்பம் வைத்தால் இன்னும் எளிது.”

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டுச் சில செய்திகளை இங்கே கூறுவது தகும். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. பொதுமக்கள் செல்லும் எந்தக் கட்டிடத்துக்கும், எந்த இடத்துக்கும், அங்கவீனத்தைக் காரணமாக்கி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதித்தலாகாது என்பது அதன் ஏற்பாடு. உரிமை மீறப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டிடங்களை மூன்றாண்டுகளுக்குள் திருத்தியமைக்க வேண்டும் என்றன. பின்னர் அத்தவணை நீட்டப்பட்டது.

இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமாகிய அவர், 1992இல் தாம் சென்ற மோட்டார் வண்டியின் மீது மரம் ஒன்று வீழ்ந்ததால் நடக்கும் ஆற்றலை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் தொடுத்த வழக்கில், புதிதாய்க் கட்டும் பொதுக் கட்டிடங்கள் அவ்விதிகளுக்கு அமையவே கட்டப்படவேண்டும் என்று 2011ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் தேதி உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்து ஏற்றது.

இது சிலருடைய காரியம் என்று எண்ணவேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் பதினாறு இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் அதிகமானோர், ஏதேனும் ஒருவகை இயலாமை உடையவர்கள். போரிலே அங்கம் இழந்தவர்கள் வடக்கிலும் உளர், தெற்கிலும் உளர். அவர்களைத் தவிர, முதுமை என்னும் ஊர் ஒன்று உண்டு; அங்கே நாம் எல்லோரும் ஒருநாள் போய்ச் சேருவோம். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தாய்க்கும் அந்தச் சாய்தளமே வழி.

திரும்பும் வழியில்

கந்தோரை விட்டு நீங்குமுன் சித்தப்பா வண்டியிலிருந்தபடியே கடிதம் ஒன்று எழுதினார். சட்டத்தின் இலக்கம், படிகளின் உயரம், சாய்தளத்தின் நீளம் யாவும் அதில் இருந்தன. ஒரு சிறு படமும் வரைந்திருந்தார். மேலதிகாரி படியிறங்கி வந்து மரியாதையுடன் அதனை வாங்கிப் படித்தார். “அடுத்த ஆண்டுச் செலவு மதிப்பீட்டில் சேர்க்கப் பார்க்கலாம், சேர்” என்றார்.

“எனக்கு வயது எண்பது, ஐயா. அடுத்த ஆண்டுகள் என்னிடம் அதிகம் இல்லை. கடிதம் கிடைத்ததற்கு ஒரு முத்திரை குத்தித் தாருங்கள்” என்றார் சித்தப்பா. தேதியோடு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மாலையில் கடுகண்ணாவையை அடைந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. அந்தப் பாறை வாயிலின் அருகே வானை நிறுத்தும்படி சித்தப்பா சொன்னார். மங்கிய ஒளியில் கல்லின் மீது உளியின் வேலை தெரிந்தது. வெகுநேரம் அதனையே நோக்கிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு கல்லைக் குடைந்திருக்கிறார்கள், பார்த்தாயா!” என்றார். பின்பு சட்டைப் பையைத் தடவி, முத்திரையிட்ட அந்தப் பிரதி பத்திரமாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “சித்திரையில் மறுபடியும் வருவோம், தம்பி. கொடுத்த கணக்குக்கு விடை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும்.”

சித்திரையில் போகிறோம். படிகள் ஐந்தும் அப்படியே நிற்கின்றனவா, பக்கத்தில் முப்பது அடி வழி ஒன்று பிறந்திருக்கிறதா என்பதைக் கண்டு வந்து வாசகர்களுக்கு எழுதுவேன்.