தர்பார் திடல்

எண்பதுகளின் கடைசியில் டெல்லி கிங்ஸ்வே கேம்ப்பில் மொட்டைமாடி அறை ஒன்றில் குடியிருந்தேன். பர்சாத்தி என்பார்கள், மேயில் அடுப்பு, ஜனவரியில் ஐஸ்பெட்டி. ஞாயிறானால் மற்ற தமிழர்கள் கரோல்பாக்குக்கோ மலை மந்திருக்கோ பஸ் ஏறுவார்கள். நான் வடக்கே, புராரி ரோட்டுப் பக்கம் தர்பார் நடந்த திடலுக்குப் போய்விடுவேன். நெருஞ்சி மண்டிய வெட்டவெளி, நடுவில் ஒரு கல்தூண். பார்க்க அதிகம் இல்லை.

1877 ஜனவரி 1-ல் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று லிட்டன் பிரபு அறிவித்தது அங்கேதான். யானை அணிவகுப்பும் விருந்துமாக டெல்லி அமர்க்களப்பட்ட அதே மார்கழியில் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் தாது வருஷத்தைச் சொல்லியே மிரட்டுவாள் எங்கள் பாட்டி. அந்தத் திடலில் நின்று எனக்கு ஒருநாளும் ராஜவிசுவாசம் பொங்கியதில்லை.

1903-ல் கர்சனின் தர்பார். 1911 டிசம்பர் 12-ல் ஐந்தாம் ஜார்ஜே நேரில் வந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்றார். மூன்றே நாளில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. அப்புறம்தான் இடத்தைச் சரியாகப் பார்த்தார்கள் போல: தாழ்ந்த பூமி, யமுனை வெள்ளம், மலேரியா. கல்லைப் பெயர்த்து ரைசினாவுக்குக் கொண்டுபோனார்கள். 1931-ல் புதுடெல்லி திறப்புவிழா கண்டது; பதினாறே வருஷத்தில் கட்டியவர்கள் கப்பலேறினார்கள்.

ராஜா கைவிட்ட இந்த வட்டாரத்துக்கு 1947-ல் அகதிகள் வந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் பீஜி, லயால்பூரிலிருந்து சிறுமியாக வந்து, பட்டாளத்துக் கொட்டடியில் நான்கு குடும்பங்களுக்கு நடுவே சேலைத் திரை கட்டி வளர்ந்தவர். மாடி வெயிலில் முள்ளங்கி துருவியபடியே சொல்வார். குளிரைச் சொல்வார், தண்ணீர்க் குழாய்ச் சண்டையைச் சொல்வார். வழியில் என்ன நடந்தது என்று மட்டும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அறுபதுகளின் இறுதியில் இந்தியா கேட்டிலிருந்த ஜார்ஜ் சிலையை அகற்றி, தர்பார் திடலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடவே சில வைஸ்ராய்களும். பேட்டைப் பையன்கள் அந்தப் பீடங்களில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ராஜாவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் பீஜிக்குச் சிரிப்பு தாங்காது. "எங்களுக்கு இருபது வருஷம் கழித்து வந்தவன் பேட்டா அவன். ரேஷன் கார்டுகூடக் கிடையாது!"