யாருக்காகப் போட்ட தண்டவாளம்?

கோலாலம்பூரைப் பெற்ற தாய் கிள்ளான் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்குக் கிள்ளான் என்றால் இரவில் படுத்துத் தூங்கும் ஊர். பொழுது விடியுமுன் கோலாலம்பூருக்கோ, பெட்டாலிங் ஜெயாவுக்கோ, ஷா ஆலாமுக்கோ வேலைக்குப் புறப்பட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்பி வரும் ஊர். ஞாயிற்றுக்கிழமை தெங்கு கிளானா சாலையில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தால், மறுபடியும் திங்கட்கிழமை.

ஆனால் கதை தொடங்கியது தலைகீழாக. 1857-ஆம் ஆண்டில் கிள்ளானை நிர்வகித்து வந்த ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றோடு மேலே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற சேற்றுக் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டை வெட்டிக்கொண்டு அம்பாங் பக்கம் போனார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சலுக்கு இரையானவர்கள் போக மிஞ்சியவர்கள் 18 பேர். ராஜா விடவில்லை, மறுபடியும் ஆள் அனுப்பினார். ஈயம் கிடைத்தது. அவர்கள் இறங்கிய அந்தச் சேற்றுக் கரைதான் இன்றைக்குக் கோபுரங்கள் நிற்கும் கோலாலம்பூர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன முதல் கூட்டம் அந்த 87 பேர் என்று நான் என் நண்பர்களிடம் சொல்வதுண்டு. ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு இன்றும் கிள்ளானில் நிற்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

அப்புறம் ராஜாக்களுக்குள் சண்டை வந்தது, வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். 1880-இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மகள் வீடு பெரிதாயிற்று. தாய் வீடு வாசற்படியாயிற்று.

1886-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து ரயில் வந்தது. வந்தது என்றால் கிள்ளான் ஊருக்குள் அல்ல. ஆற்றுக்கு இந்தப் பக்கம், புக்கிட் கூடா என்ற இடத்தோடு நின்றுவிட்டது. மலாயாவில் போடப்பட்ட இரண்டாவது ரயில் பாதை அது. முதலாவது அதற்கு முந்திய ஆண்டு தைப்பிங்கில் போட்டது. பாலம் கட்டி ஆற்றைத் தாண்டி வண்டி கிள்ளானுக்குள் நுழைய 1890 ஆயிற்று. பிறகு கடல் வரை நீட்டினார்கள். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதைத்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் ஆட்களைச் சுருட்டிப் போட, அதை மூட வேண்டியதாயிற்று. மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் சதுப்பு நிலத்தை வாய்க்கால் வெட்டி வடித்து, காட்டை வெட்டிக் கொசுவை அடக்கிய பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது. அந்த வாய்க்கால் வேலை பின்னாளில் தோட்டங்களுக்கும் பரவி, நம்மவர்கள் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. நல்லது செய்தவர் வெள்ளைக்காரராக இருந்தாலும் நினைக்கத்தான் வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தண்டவாளம் மனிதருக்காகப் போட்டதல்ல. முதலில் ஈயத்துக்கு, பிறகு ரப்பருக்கு. சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ரயிலில் வேலை செய்ய நம்மவர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பாதையில் சம்மட்டி பிடித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலையத்தில் பேனா பிடித்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸும் செந்தூல் பட்டறையும் அப்படி வளர்ந்தவைதாம். ஆனால் பாதையின் இரு பக்கமும் இருந்த தோட்டங்களில் பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு, வண்டி என்பது தூரத்தில் கேட்கும் கூவல்தான்.

வேறு மாதிரியும் செய்திருக்கலாமா? ஜப்பானில் செய்தார்கள். ஒசாகா நகரில் கோபயாஷி இச்சிசோ என்ற ஒருவர் 1910-இல் ஊருக்கு வெளியே ரயில் பாதை போட்டார். ஆள் குறைந்த நாட்டுப்புறத்தில் வண்டி விட்டால் யார் ஏறுவார்கள்? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். பாதையை ஒட்டி இக்கேடா என்ற இடத்தில் நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, சம்பளக்காரர்களுக்குத் தவணை முறையில் விற்றார். காலையில் வண்டியேறி ஒசாகாவுக்கு வேலைக்குப் போனவர்கள் மாலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். இதைப் பார்த்து மற்ற ரயில் கம்பெனிகளும் இறங்க, ஜப்பானில் இப்படி எத்தனையோ ஊர்கள் முளைத்தன. அங்கே வீடும் வண்டியும் கூடப் பிறந்தவை.

அதே ஜப்பானியர் யுத்த காலத்தில் நமக்குப் போட்ட ரயிலும் உண்டு. அதை நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942, 43-இல் சயாமுக்கு ஏற்றிப் போன ஆயிரம் ஆயிரம் தோட்டத்து ஆட்களில் என் பெரியப்பாவும் ஒருவர். அவர் திரும்பவில்லை.

வேலைக்குப் போய் வருவது பற்றிப் பேசும்போது சைக்கிளை விட்டுவிட முடியாது. தோட்டத்தில் துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். என் அப்பா சிறுவனாக இருந்தபோது தாத்தா அப்படி இறங்கி நின்றதைப் பார்த்தவர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்ததே, அதன் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சம்பள உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு ஆகியவற்றோடு இதையும் சேர்த்தார்கள். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்றார். மே மாதம் அவரைப் பிடித்துச் சென்றதும் கலவரம் மூண்டது; பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சுதந்திரம் கிடைத்த காலத்தில் கிள்ளான் ஆற்றின் மேல் கட்டிய கோத்தா பாலத்தில் வண்டிகளுக்கு மேல்தட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கீழ்த்தட்டு என்று இரண்டு தட்டு வைத்தார்கள். அப்பா அந்தக் கீழ்த்தட்டில் சைக்கிள் விட்டுப் போகும்போது மணியை அடித்துக்கொண்டே போவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தோட்டங்கள் ஊர்களான கதை அடுத்தது. பெட்டாலிங் ஜெயா இருக்கிற இடம் எஃபிங்காம் தோட்டம். 1950-களின் தொடக்கத்தில் மரத்தைச் சாய்த்து வீடு கட்டினார்கள். ஷா ஆலாம் இருக்கிற இடம் சுங்கை ரெங்கம் தோட்டம்; 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகரமே ஆகிவிட்டது. சுபாங் ஜெயா இருக்கிற இடம் சீபீல்டு தோட்டம். 1976-இல் வேலை தொடங்கினார்கள். இன்று கிள்ளானிலிருந்து வண்டியேறுகிறவர் புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா என்று நிலையம் நிலையமாகப் போகும்போது, பாதி வழி நம் பாட்டன் பாட்டி பால் எடுத்த நிரைகளின் மேல்தான் போகிறார்.

எங்கள் தோட்டமும் விலை போயிற்று. மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் மரம் வெட்டிய அப்பாவுக்குக் கிடைத்த பணத்தோடு என் சம்பளத்தையும் சேர்த்து, கிள்ளானில் ஒரு தாமானில் இரண்டு அறை வீடு தவணைக்கு எடுத்தோம். நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. லயத்து வாழ்க்கையைப் பொன்னாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லயத்தில் ஒரு ஆணிகூட நம்முடையதில்லை. கை ஓய்ந்த அன்று வீடும் போய்விடும். தாமான் வீடு சிறிதானாலும் சாவி நம் கையில்.

அதற்கு நாங்கள் கொடுத்த விலை வேறு. அப்பா ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார்: "நாங்க பெரட்டுக்கு எந்திரிச்ச நேரத்துக்குத்தான் நீயும் எந்திரிக்கிறே. ஆனா நாங்க ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுல இருந்தோம்ப்பா. நீ ராத்திரி எட்டு மணிக்குத்தானே வர்றே? இதுல எது கூலி வேலை?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மூத்த மகள் நான்கு வயது வரை என்னை ஞாயிற்றுக்கிழமை வரும் விருந்தாளி போலத்தான் பார்த்தாள்.

முதலில் பேருந்தில் போனேன். பிறகு கடனுக்கு மோட்டார் சைக்கிள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் 1970-களில் உலக வங்கித் திட்டத்தின் கீழ்ப் போடப்பட்டது. உலகத்திலேயே அப்படிப்பட்ட முதல் தடங்களில் அதுவும் ஒன்று என்கிறார்கள். தோட்டத்துப் பையன்கள் எத்தனை பேரை அது தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் கொண்டு சேர்த்தது! மழை வந்தால் மேம்பாலத்தடியில் நூறு மோட்டார் சைக்கிள் நிற்கும். பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். எந்தத் தோட்டம் விலை போயிற்று, யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்தத் தாமானில் வீடு மலிவு என்ற செய்தியெல்லாம் எனக்கு அந்தப் பாலத்தடியில் கிடைத்தவைதாம்.

1995-இல் கொமுட்டர் மின்சார ரயில் வந்தது. நடுவில் பயணிகள் வண்டி ஓடாமல் இல்லை. ஆனால் வேலைக்குப் போய் வருகிறவர்களை நினைத்து, அடிக்கொரு நிலையம் வைத்து வண்டி விட்டது அப்போதுதான். 1886-லிருந்து எண்ணினால் 109 ஆண்டுகள். 2001-இல் பிரிக்பீல்ட்ஸ் பழைய ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்ததும் இறங்கி ஏறுவது எளிதாயிற்று. 2010-இல் பெண்களுக்கென்று தனிப் பெட்டி வைத்தார்கள். தோட்டத்துத் தாய்மார்கள் பெண் பிள்ளைகளைத் தைரியமாக டவுன் வேலைக்கு அனுப்ப அது எவ்வளவு உதவியது என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியும்.

வீடு வாங்க நினைக்கிற இளங்குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. விலையைப் பார்க்கும்போது நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். பத்தாயிரம் வெள்ளி மலிவு என்று காப்பார் பக்கம் உள்ளே தள்ளி வாங்கிவிட்டு, தினம் நிலையத்துக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் என்றால், அந்தப் பத்தாயிரம் எண்ணெயிலும் தூக்கத்திலும் போய்விடும். தமிழ்ப்பள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரும் இருட்டில் புறப்படுகிற வீட்டில், பிள்ளையைப் பள்ளியில் விடப்போவது யார் என்ற கேள்விக்கு வீடு பார்க்கும்போதே விடை இருக்க வேண்டும்.

என் வீட்டில் இப்போது இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்திருக்கிறது. கடைசி மகள் கோலாலம்பூரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. பிரிக்பீல்ட்ஸில் தோழிகளோடு அறை எடுத்துக்கொள்கிறேன், நாளுக்கு மூன்று மணி நேரம் மிச்சம் என்கிறாள். அறை வாடகையையும் ரயில் கட்டணத்தையும் தாளில் எழுதி என் முன்னால் வைத்துவிட்டாள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அவள் அம்மா, "சொந்த வீடு இருக்க வாடகை அறையா?" என்று அழுகிறாள். நான் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தேன். தீபாவளி கழியட்டும், பிறகு பேசலாம் என்று வைத்திருக்கிறோம். அதுவரை அவளுக்கு ஐந்தே முக்கால் வண்டிதான். நிலையம் வரை நான்தான் கொண்டு போய் விடுகிறேன்.