அடுப்படிக்கு 25 வாட்

உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஓட்டு வீட்டை ஒரு சினிமாவுக்காக மூன்று நாள் கேட்டிருந்தார்கள். 1980களில் ஓர் இரவு, அடுப்படிக் காட்சி. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டுப் பழைய குண்டு பல்பு ஒன்றை உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். "இது சும்மா பார்வைக்குத்தான் மேடம், வெளிச்சம் வேற எடத்துலேர்ந்து வரும்" என்றாள் ஒளிப்பதிவு உதவியாளராக வந்த பெண். பி.ஆர். விஜயலட்சுமி 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தது 1985இல். இத்தனை ஆண்டு கழித்தும் இந்தக் கேமரா குழுவில் இவள் ஒருத்திதான் பெண்.

அவள்தான் விளக்கினாள். வீட்டுக் குண்டு பல்பின் நிறவெப்பம் ஏறத்தாழ 2700 கெல்வின், சினிமாவின் டங்ஸ்டன் விளக்குக்கு 3200. நம் கண் இரண்டோடும் ஒத்துப்போய்விடும், கேமரா போகாது. சினிமா விளக்கு பல்பைவிட வெளுப்பாக விழுந்து, இது பல்பின் வெளிச்சமில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அதன் முன் மெல்லிய ஆரஞ்சு ஜெலட்டின் தாளை மாட்டுகிறார்கள். இல்லையென்றால் டிம்மரில் இறக்குகிறார்கள். மின்னழுத்தம் குறையக் குறைய இழையின் சூடு தணிந்து வெளிச்சம் சிவப்பேறும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த டிம்மர் வேலை எங்கள் ஊரில் தினமும் நடந்தது. பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப்பில் மின்சாரமாகத் தொடங்கியது 1950களின் இறுதியில். அதே பள்ளத்தாக்கில், பம்ப்செட்டுகள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்புக்குள் சிவந்த கம்பி மட்டும்தான் தெரியும்.

அதிலும் ஒரு வரிசை இருந்தது. திண்ணைக்கு 100 வாட், கூடத்துக்கு 60, அடுப்படிக்கு 25. அப்பாதான் வாங்கி வருவார். "சோறு பொங்க இது போதாதா?" பருப்பில் கல் பொறுக்குவது, கீரை ஆய்வது, எல்லாம் அந்த 25க்குள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அம்மா, நான் நூலகத்திலிருந்து எடுத்து வரும் நாவல்களை அடுப்புத் தீயின் பக்கம் சாய்த்து வாசிப்பாள். ஒருமுறை எல்லோரும் படுத்த பிறகு திண்ணை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மீட்டர் ஓடுது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அத்தோடு சரி. அந்த நாவலின் முடிவை நான்தான் அவளுக்குச் சொன்னேன், அதுவும் பாதி மறந்துபோய்.

மானிட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நடிகை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், முகத்தில் தேன் நிறம். "என்ன ஒரு வெதுவெதுப்பு!" என்றார் யாரோ. எனக்கும் தொண்டை அடைத்தது, மறைப்பானேன். அடுப்படியின் மஞ்சள் வெளிச்சம் என்று நானே எத்தனை கவிதை எழுதியிருக்கிறேன்! சோற்றுக்கு வந்து உட்காரும் பிள்ளையின் கண்ணில் விழுந்த வெளிச்சம் அது. ஆய்கிறவளின் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கீரையில பூச்சி தெரியுமாத்தா?"

உதவியாளப் பெண் சற்று யோசித்தாள். "தெரியாது பாட்டி."

"அப்ப சரியாத்தேன் வச்சிருக்கீக."

அவர்கள் போன அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வெள்ளை எல்.இ.டி.யைத் திரும்ப மாட்டச் சொன்னாள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதே, மஞ்சள் நிறத்திலும் எல்.இ.டி. கிடைக்கிறதே என்றேன். மடியில் விரித்த புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"நீ வேணா திண்ணையில மாட்டிக்க."