ரிப்போர்ட் நார்மல்... மனசு?

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

போன வருடம் அப்படி என் கைக்கு வந்தது அக்காவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மூன்று மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. டாக்டர் தைராய்டும் கார்டிசாலும் பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டும் நார்மல். "அப்போ வியாதி ஒண்ணுமில்ல, எல்லாம் வேலைக்குப் போகாம இருக்கற சாக்கு" என்றார் பெரியப்பா. அப்பா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா" என்றார்.

சொல்வதற்காகப் படித்தேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பி சுரப்பதுதான் கார்டிசால். கவலை, பயம், காய்ச்சல் எது வந்தாலும் மூளை ஆர்டர் போடும். அது பிட்யூட்டரி வழியாக அட்ரினலுக்குப் போகும். போதுமான அளவு சுரந்ததும் அந்தக் கார்டிசாலே மூளைக்குப் போய், "போதும், நிறுத்து" என்று சொல்லும். நம் பாடத்தில் வரும் நெகட்டிவ் ஃபீட்பேக்தான், வேறொன்றுமில்லை!

மனச்சோர்வு உள்ள சிலருக்கு இந்த ஃபீட்பேக் மந்தமாகிவிடுகிறது. அதை வைத்தே கடுமையான மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று 1981இல் பெர்னார்ட் கரோல் குழுவினர் ஒரு முறையை எழுதினார்கள். இரவில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் கார்டிசால் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு என்ன ஆயிற்று? மனச்சோர்வு உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஒழுங்காக அடங்கியது! வேறு நோய் உள்ளவர்கள், எடை குறைந்தவர்கள் சிலருக்கு அடங்கவில்லை. அதனால் அது வழக்கமான பரிசோதனையாக நிலைக்கவில்லை. இன்றைக்கும் டாக்டர்கள் நோயாளியிடம் பேசி, விசாரித்துத்தான் மனச்சோர்வைக் கண்டறிகிறார்கள். அப்புறம் கார்டிசால் டெஸ்ட் எதற்கு? குஷிங் போன்ற நோயில் கார்டிசால் ஏறினாலும் மனம் சோரும். அது இல்லை என்று உறுதி செய்யத்தான்.

அப்பாவிடம் சொன்னேன்: "மீட்டர் தப்பில்லப்பா. அக்காவோட கஷ்டம் அந்த மீட்டர்ல வராது." அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூலிக்குப் போகாமல் அக்காவை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். ஐந்து மாத மருந்துக்குப் பிறகு இப்போது தானே சோறு கேட்டுச் சாப்பிடுகிறாள்.

ஹாஸ்டலில் உங்கள் ரூம்மேட் இரண்டு வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் "அரியர் பயம்டா" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள்.