ஊசித்துளையும் வர்க்கமூலமும்

பி.காம் படிக்கிறவனுக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு என்று கேட்காதீர்கள். ஊசித்துளை கேமராவில் படம் எடுப்பது முக்கால்வாசி கணக்குப் பிள்ளை வேலைதான். மீதிக் கால்வாசி, சும்மா நிற்பது.

ஊசித்துளை வேலை செய்வதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வேப்பமர நிழலில் வட்டம் வட்டமாக வெயில் விழுகிறதே, அது இலை இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கமாகக் கங்கண கிரகணம் போனபோது, எங்கள் தெரு மரத்தடியில் வட்டம் எல்லாம் பிறையாகிக் கிடந்தது. பள்ளிக்கூடப் பையனாக அதைப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது.

என்னுடையது ஒரு ஹார்டுபோர்டு பெட்டி. உள்ளே கறுப்பு பெயிண்ட். லென்ஸ் கிடையாது. கூல்டிரிங்ஸ் டின்னில் ஒரு துண்டு வெட்டி, ஊசியால் குத்தி, உப்புத்தாளில் தேய்த்து எடுத்த துளை மட்டும்தான். துளைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர். துளை எவ்வளவு இருக்க வேண்டும்? பெரிதாக இருந்தால் படம் மங்கும். ரொம்பச் சிறிதாக இருந்தாலும் ஒளி ஓரத்தில் வளைந்து சிதறி மங்கும். இதற்கு நடுவில் ஒரு அளவு உண்டு என்று 1891-இல் ராலே பிரபு கணக்குப் போட்டு எழுதினார். தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல் பெருக்க வேண்டும். என் பெட்டிக்கு 0.31 மில்லிமீட்டர் வந்தது. ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் தகட்டை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து புள்ளிகளை எண்ணினால் துளையின் அளவு தெரிந்துவிடும், 15 புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. (கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.)

50-ஐ 0.31-ஆல் வகுத்தால் சுமார் 160. அதாவது எஃப் 160. சாதாரண கேமராவில் எஃப் 16 எவ்வளவு சின்ன துளையோ, அதைவிடப் பத்து மடங்கு குறுகலானது. பரப்பில் நூறு மடங்கு. ஆகவே மொபைல் மீட்டரை எஃப் 16-இல் வைத்து, அது சொல்லும் நேரத்தை 100-ஆல் பெருக்கினால் போதும். நல்ல வெயிலில் வண்டியூர் தெப்பக்குளக் கரையில், ஐஎஸ்ஓ 125 ஃபிலிமுக்கு மீட்டர் 1/125 வினாடி சொல்லும். நமக்கு 0.8 வினாடி. துளையை மூடியிருக்கும் அட்டையைத் தூக்கி, "ஒண்ணு" என்று சொல்லி மூடிவிடலாம்.

வெயில் போனதும்தான் ஃபிலிம் வட்டி கேட்க ஆரம்பிக்கும்.

மீட்டர் 60 வினாடி என்று சொன்னால் 60 வினாடி போதாது. ஃபிலிமில் இருக்கிற வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றும் தபால் ஆபீஸ் ஆர்.டி. கணக்கு மாதிரி. தவணை விடாமல் வந்தால்தான் கணக்கு நிலைக்கும். தொடர்ந்து தவறினால் கணக்கு நின்றுவிடும். மங்கிய வெளிச்சத்தில் ஒளித்துகள்கள் விட்டு விட்டு வருவதால், முதலில் வந்ததன் பலன் அடுத்தது வருவதற்குள் கரைந்துபோகிறது. நட்சத்திரங்களைப் படம் எடுத்த ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஸ்வார்ட்ஸ்சைல்ட் 1900 வாக்கிலேயே இதை அளந்து, நேரத்தின் மேல் ஒரு அடுக்கைப் போட்டுச் சரிசெய்தார். (பின்னாளில் கருந்துளைக்கு ஆரம் சொன்னவரும் இவரேதான்.) நான் போடும் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்குக் கம்பெனியே சொல்லும் அடுக்கு 1.26. மீட்டர் நேரத்தை 1.26 அடுக்குக்கு உயர்த்த வேண்டும்.

இங்கேதான் வணிகவியல்காரனுக்குச் சிக்கல். பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் அடுக்கு போட பட்டன் கிடையாது. ஆனால் √ இருக்கிறது! 1.26 என்பது ஏறக்குறைய ஒன்றே கால். கால் அடுக்கு என்றால் வர்க்கமூலத்தின் வர்க்கமூலம். ஆக, நேரத்தை அடித்து, √ இரண்டு தடவை அழுத்தி, வந்ததை மறுபடி அதே நேரத்தால் பெருக்கினால் விடை. 60 வினாடிக்கு 167 வருகிறது. 1.26 அடுக்கைச் சரியாகப் போட்டால் 174. இந்த வித்தியாசம் ஃபிலிமுக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கணக்கு எனக்கு நிஜமாகத் தேவைப்பட்டது மேலூர் பக்கம் அப்பத்தா வீட்டுத் திண்ணையில். அப்பத்தாவுக்கு இருக்கிற படம் எல்லாம் ரேஷன் கார்டு, ஆதார் வகையறா. பெட்டியில் ஒரே ஒரு ஃப்ரேம்தான் மிச்சம் இருந்தது. திண்ணை நிழலில் மீட்டர் கால் வினாடி என்றது. நூறால் பெருக்கினால் 25 வினாடி. 25-க்கு √ 5, அதற்கு √ 2.236, பெருக்கினால் 56 வினாடி. 25-லேயே நிறுத்தியிருந்தால் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் கிடைத்திருக்கும், முகம் கறுத்துப் போயிருக்கும்.

"அசையாம உக்காருங்க அப்பத்தா, ஒரு நிமிஷந்தான்."

"ஏண்டா, போட்டா புடிக்க இம்புட்டு நேரமா? மூச்சு விடலாமா, விடக்கூடாதா?"

கழுவிப் பார்த்தால் முகம் தெளிவாக இருந்தது. அத்தனை நேரம் கண் சிமிட்டியிருப்பார், ஒன்றுகூடப் பதியவில்லை. 56 வினாடியில் ஒரு சிமிட்டல் செல்லாக் காசு. தூணில் சாய்ந்த முதுகு, மூக்குத்தி, எல்லாம் இருந்தது. கைகள் மட்டும் இல்லை. அவருக்குக் கொஞ்ச காலமாக கை நடுக்கம். மடியில் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ இருந்தது. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கை எங்கடா போச்சு?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துவிட்டு, "அதுக்குத் தெரிஞ்சிருச்சா" என்றார். படத்தை பீரோவில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அப்புறம் லின்னேயஸ் ட்ரைப் எடுத்த மதுரைப் படங்களை வேறு கண்ணோடு பார்க்கிறேன். சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி அவர். 1858-இல் இங்கே வந்து தெப்பக்குளம், புதுமண்டபம், விளக்குத்தூண் என்று எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ், வெளிச்சம் நிமிடக் கணக்கில் கேட்கும். அந்தப் படங்களில் ஆட்கள் ரொம்பக் குறைவு. மதுரை காலியாகக் கிடந்ததா என்ன? நடந்தவர் யாரும் அந்தக் காகிதத்தில் நிற்கவில்லை, அதுவும் ஒரு காரணம். அப்புறம் வந்த கவர்னர் ட்ரெவெல்யன் செலவு அதிகம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ஆடிட்டர் புத்தி எல்லாக் காலத்திலும் உண்டு :-)

ட்ரைப் எடுத்த அதே விளக்குத்தூணை நானும் எடுத்தேன். விளக்கு வைத்த நேரத்தில் மீட்டர் 3 வினாடி. நூறால் பெருக்கினால் 300, √ வைத்தியம் செய்தால் 1249, கிட்டத்தட்ட 21 நிமிடம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சமே சுமார் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். கணக்குப் போட்ட வெளிச்சம், அட்டையைத் திறந்து முடிப்பதற்குள் இருக்காது. அதனால் வானம் முழுசாக இருட்டி, தெருவிளக்கு மட்டும் மிஞ்சும் வரை காத்திருந்து மறுபடி அளந்துதான் திறக்க வேண்டும். அந்த வெளிச்சம் ஏறாது, இறங்காது. மாசி வீதிக் கூட்டம் மொத்தமும் அந்தப் படத்தில் காணாமல் போய்விட்டது. ஆட்டோ விளக்குகள் கோடு கோடாக நிற்கின்றன. ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் லேசாகத் தெரிகிறார். அவருக்கும் கை இல்லை.

எஃப்பி4-க்குப் பதில் எச்பி5 போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு அடுக்கு 1.31, ஒன்றே கால் போதாது. √ இரண்டு தடவை அழுத்தி வந்ததைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் இரண்டு தடவை அழுத்தி, அதையும் குறித்ததையும் முதல் நேரத்தையும் சேர்த்துப் பெருக்குங்கள். 25 வினாடிக்கு 68 வரும்.