சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற தண்ணீர்

சாயல்குடியில் மினிபஸ் ஏறியபோது மணி எட்டேகால். 2019 டிசம்பர், ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குச் சின்னம் ஒதுக்கியாகிவிட்டது. ஏழு ரூபாய் டிக்கெட்டில் இருபது நிமிடப் பயணம். வழி நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், இடையிடையே கரிமூட்டம் போட்டுக் கறுத்துப் போன மண். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் இப்படி ஊர்கள் நிறைய.

இறங்குவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்பே சாலையோரம் கூட்டம். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயின் ஏர்வால்வு அங்கே கசிந்துகொண்டிருந்தது. இடுப்பளவுப் பள்ளத்துக்குள் ஒரு பெண் குனிந்து சொம்பால் மொள்ள, மேலே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. திருச்சிப் பக்கமிருந்து 2009 முதல் வரும் தண்ணீர் அது. ஊருக்குள் வந்ததும் கண்ட முதல் தெருக்குழாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அடுத்ததற்குத் திருகே இல்லை.

டீ பத்து ரூபாய். தள்ளுவண்டியில் வரும் குடிதண்ணீரும் குடம் பத்து ரூபாய். நாலு குடம் இறக்கிக்கொண்டிருந்த ஆத்தாவிடம் குழாயில் எப்போது வரும் என்று கேட்டேன். “வந்தா வரும் தம்பி” என்றவர், முந்தியில் முடிந்திருந்த நோட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு. நான் பார்க்க வந்த வேட்பாளர் மகளிர் குழுவில் பல வருஷம் கணக்கு எழுதியவர். சின்னம் பூட்டு சாவி. ஆட்டோவில் மைக் அலற, பின்னால் அவர் வீடு வீடாகக் கும்பிட்டு வந்தார். கையில் கொடுத்த நோட்டீஸில் முதல் வரி, ஆர்.ஓ. பிளான்ட். பிறகு வீட்டுக்கு வீடு குழாய், புது போர், சமுதாயக்கூடம், தெருவிளக்கு.

“2016ல இருந்து தலைவரே இல்ல சார், தனி அலுவலர்தான். மோட்டார் எரிஞ்சா யார்ட்ட சொல்றதுன்னு தெரியாது” என்றார். அது உண்மை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதோடு மூன்று வருஷம் தேர்தலே நடக்கவில்லை. அவர் குரலில் இருந்த ஆதங்கம் ஓட்டுக்காக வந்ததாக எனக்குப் படவில்லை.

ஆனால் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தானே வரும்? “அதுக்குத்தான் ஆர்.ஓ.” என்றார். பக்கத்து நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமே கட்டி, அதைப் பராமரிக்க முடியாமல் பட்ட பாடு இந்த வட்டாரத்துக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தார்.

ஊரணி எங்கே என்று கேட்டேன். கோயிலுக்குப் பின்னால், இருநூறு அடி தூரம். படித்துறை நல்ல கல். செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். அந்தக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. கரையெல்லாம் மண் சுரண்டி மட்டமாக்கியிருந்தார்கள். நூறு நாள் வேலை. அந்த வருஷம் நாள் கூலி 229 ரூபாய். நல்ல மழை பெய்த வருஷம்தான். ஆனாலும் ஊரணியில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர். மழையெல்லாம் எங்கே போனது?

ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். முள் கிழித்தது. முந்நூறு அடி தாண்டி ஒரு தார்ச்சாலை குறுக்கிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் காட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, வெயிலில் பளபளத்தது. இந்தப் பக்கம் வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. சாலைக்கு அடியில் பதித்த சிமெண்ட் குழாயின் வாய், அந்தப் பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது. தண்ணீர் அதில் எப்படி ஏறும்?

திரும்பி வந்து வேட்பாளரையே அழைத்துப் போய்க் காட்டினேன். கூட வந்த பையன்களில் ஒருவன், “அது ஒன்றியத்து ரோடு, நமக்குச் சம்பந்தமில்ல மதினி” என்றான். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே காய்ந்த மண். “தினமும் இந்த ரோட்டுலதான சார் போறோம்” என்றார்.

ரோடு ஒன்றியத்துடையதாக இருக்கலாம். ஊரணியும் கிணறும் குடிநீர்த் தொட்டியும் ஊராட்சியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு சொல்கிறது. காவிரித் தண்ணீரைக் கூடுதலாக வரவழைக்க ஒரு தலைவரால் ஆகாது. இந்தக் குழாயை இறக்க அவர் ஒன்றியத்துக்கு எழுதலாம், ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானம் போடலாம். முள்ளை வெட்டி வரத்துக்காலைத் திறக்க அப்போது நூறு நாள் வேலை இருந்தது. நோட்டீஸின் முதல் வரியில் இருக்கவேண்டியது இதுதான் என்று அவரிடமே சொன்னேன்.

“வாய்க்காலுக்கு ஓட்டு விழாது சார், பிளான்ட்டுன்னா கண்ணுக்குத் தெரியும்” என்றார். பிறகு, கூட நின்ற கொத்தனாரிடம் திரும்பி, குழாயை இறக்கிப் பதிக்க எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார். “ரெண்டு நாள், நாலு ஆளு. ரோட்ட வெட்ட உத்தரவு வாங்கித் தந்தாப் போதும்” என்றார் அவர்.