அம்மாவின் அளவில் ஒரு சிலுவார்

என் அம்மாவுக்கு 67 வயது. இதுவரை அவர் போட்ட சிலுவார்கள் எல்லாமே அப்பாவினுடையவை. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், கொசுவுக்கும் முள்ளுக்கும் பயந்து அப்பாவின் பழைய சிலுவாரைக் கைலிக்குள்ளே மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார். நீளம் கூடினால் கீழே இரண்டு மடிப்பு.

எங்கள் வட்டாரத்துக்குச் செம்பனை புதிதல்ல. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானதே பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அம்மா இருந்த தோட்டத்தில் அது பிறகுதான் வந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போனார். நாளெல்லாம் குனிந்து நிமிரும் வேலை. அந்த முட்டிகள்தான் இப்போது மாடிப்படியைக் கண்டாலே முனகுகின்றன.

"சேலையோடு இந்தப் பயிற்சியெல்லாம் செய்ய முடியாது. தொளதொளவென்று சிலுவார் போட்டு வாங்க" என்று முட்டிக்குப் பயிற்சி கொடுப்பவர் சொல்லிவிட்டார். நான்கு கடை ஏறி இறங்கினோம். இடுப்புக்குச் சரியாக இருந்தால் கால் தரையைக் கூட்டுகிறது. கால் சரியாக இருந்தால் தொடையைப் பிடிக்கிறது.

"விடும்மா, அப்பாவோடது ஒண்ணு பீரோவுல கெடக்கு. அதையே போட்டுக்கிறேன்" என்றார் அம்மா. அப்பா போய் ஆறு வருடமாகிறது. இனியும் அம்மா இன்னொருவர் அளவில் கயிறு கட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

வீட்டில் அம்மாவின் பழைய சிங்கர் மிஷின் இருக்கிறது. கூட்டுப் பணம் எடுத்து வாங்கியது. லயத்தில் பாதிப் பேருக்கு அதில்தான் ரவிக்கை, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை. ஆனால், சிலுவார் வெட்ட அம்மாவுக்குப் பழக்கமில்லை. எனவே இணையத்தில் ஒரு பேட்டர்ன் எடுத்து, தாள்களில் அச்சிட்டு ஒட்டினேன். அதில் ஒரு சிறு சோதனைச் சதுரம் இருக்கும். அச்சிட்டதும் ஸ்கேல் வைத்து முதலில் அதை அளந்து பார்க்க வேண்டும். அது குறைந்தால் சிலுவாரும் குறையும். அளவு போட்ட இத்தகைய காகித வெட்டுகளை 1863-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர். கடைக்குப் போக வசதியில்லாத வீடுகளிலும் நல்ல வெட்டு உடை கிடைக்க அது வழி செய்தது.

டேப்பை எடுத்ததும் அம்மா கூச்சப்பட்டார். "ரவிக்கைக்குத்தான் என்னை அளந்திருக்காங்க" என்றார். இடுப்புச் சுற்றளவு, தையற்காரர்கள் 'சீட்' என்று சொல்லும் பின்பக்கச் சுற்றளவு, தொடை, நீளம் என்று வரிசையாகக் குறித்தேன். முக்கியமானது, உட்காரவைத்து எடுக்கும் அளவு. நாற்காலியில் நேராக உட்காரச் சொல்லி, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து, 2.5 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். இது குறைந்தால் உட்காரும்போது பின்பக்கம் இழுக்கும். சீட் அளவில் 8 செ.மீ. தாராளம் விட்டேன். முட்டியை மடக்க வேண்டுமே!

துணியை அம்மாவே தேர்ந்தெடுத்தார். இளநீல நிறத்தில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள். "கெழவிக்கு இது அதிகம்லா" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரரிடம் இரண்டேகால் மீட்டர் வெட்டச் சொன்னார். பருத்தி சுருங்கும் என்பதால் வெட்டும் முன்பே அலசிக் காயவைத்தோம்.

முட்டி வலியால் அம்மாவால் மிதிக்க முடியாது. நான் மிதித்தேன், அவர் பக்கத்தில் அமர்ந்து நூலோட்டம் பார்த்தார். வானொலியில் மணிக்கணக்கில் பேசுவது என் தொழில். மிஷினிலும் அதே வேகம் வந்துவிடும் போலிருந்தது. "ரேடியோவுல பேசுற மாதிரி ஓட்டாதே, மெதுவா மிதி" என்றார்.

இரண்டு கால்களையும் தனித்தனியே மூட்டி, ஒன்றை மட்டும் நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மற்றதற்குள் நுழைத்து நடு வளைவைத் தைக்க வேண்டும். அதிகம் இழுபடும் இடம் அது. இரட்டைத் தையல் போட்டோம். மேலே மடித்து எலாஸ்டிக் கோத்தோம். கீழ் ஓரத்தைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மடித்தோம்.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கயிறு இல்லை, மடிப்பு இல்லை. பேட்டர்ன் தாள்களில் அம்மாவின் பெயரையும் அளவுகளையும் எழுதி, சுருட்டி வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு அம்மாக்களுக்குச் சேலை எடுக்கும் பிள்ளைகள் நாம். இந்த முறை கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பையும் கையில் எடுங்கள். அவர்களுக்கு என்ன அளவு என்று கேட்டால், பலருக்குச் சொல்லத் தெரியாது. நம் அளவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அம்மாவின் அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது: "மஞ்சள்ல ஒண்ணு தை. இந்தத் தடவை பாக்கெட் வை."